அம்பில்லாமல் விட்ட நாண்

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வால்பாறையிலிருந்து மூன்று வில்லும் வந்து சேர்ந்தன. தானாக வரவில்லை. நான்தான் கோணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் கிடத்தி, ஒவ்வொரு வளைவிலும் பக்கத்து ஆளின் விலாவில் இடித்து, பொள்ளாச்சி வரைக்கும் திட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். அங்கே எஸ்டேட் கிளப்பை மூடி வெகுகாலம் ஆகிறது. பில்லியர்ட்ஸ் மேசைக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்தார்கள். "எடுத்துட்டுப் போங்க சார், எலி தின்னது போக மிச்சம்" என்றார் காவல்காரர்.

என் மனைவி வாணிக்கு இனி இவைதான் கதி. இதுவரை அவள் பழகியது கோயமுத்தூரில் பயிற்சி கொடுக்கிற ஃபாத்திமா மேடத்தின் வில்லில். அதே வில்லில் இன்னொரு பெண்ணும் பழகுகிறாள். செப்டம்பர் 21ஆம் தேதி திருச்சியில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில வில்வித்தைத் தேர்வு. இரண்டு பேருக்கும் ஒரே நேரம், இருப்பது ஒரு வில். அந்தப் பெண் முதலில் சேர்ந்தவள், அவளுக்குக் கொடுப்பதுதான் நியாயம். நியாயத்தைப் பற்றி எனக்கு இப்போது ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

கோணியைப் பிரிக்கும் சத்தம் கேட்டு வாணி கட்டிலை விட்டு இறங்கி, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். நான் கூப்பிடவில்லை. அவளாகவே வந்தாள். ஒரு வில்லை எடுத்து முகர்ந்தாள்.

"காளான் நாத்தம் அடிக்குதுங்க."

"கழுவினா போயிரும்."

"தேறுமுங்களா?"

"தேறும்" என்றேன். வில்லைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஃபாத்திமா மேடம் போனில் பாடம் நடத்தினார். இது ரீகர்வ் வில்லாம். நாணைக் கழற்றினால் இரண்டு முனையும் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொள்ளும். நடுவில் கைப்பிடி, அதற்கு மேலே ஒரு கை, கீழே ஒரு கை.

"அந்தக் கைதான் சார் முக்கியம். உள்ள மரம், ரெண்டு பக்கமும் ஃபைபர் ஒட்டியிருக்கும். வருஷக்கணக்கா வெயில்லயும் ஈரத்துலயும் கெடந்தா ஒட்டு விட்டிருக்கும். வெளியில பாத்தா தெரியாது. வாணி நாணை இழுத்து மோவாயில வச்சிருப்பாங்க. அந்த நேரத்துல வெடிச்சா மூஞ்சியிலதான் வெடிக்கும். சந்தேகம்னா தூக்கிப் போட்டுடுங்க."

ஒட்டு விடுவதைப் பற்றி எனக்கா சொல்ல வேண்டும்? கல்யாணத்துக்கு முன்பிருந்தே பிளைவுட் கடையில் நிற்கிறேன். சன்மைக்கா எங்கே தூக்கியிருக்கிறது என்று விரலால் தட்டியே சொல்லிவிடுவேன். ஆனால் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்று சுலபமாகச் சொல்கிறாரே, அதுதான் எரிச்சலாக இருந்தது.

முதல் வில் இன்றே போயிற்று. நாணேற்றி, நுனியில் கண்ணை வைத்துப் பார்த்தால் நாண் கையின் நடுவில் ஓட வேண்டும். இதில் ஒரு பக்கமாக ஓடியது. கை முறுக்கிக்கொண்டுவிட்டது. சுவரில் அப்படியே சாய்த்து வைத்திருந்தால் இப்படித்தான் ஆகும் என்றார் மேடம்.

"ரெண்டு இருக்குதில்லீங்க" என்றாள் வாணி.

மதியம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். தினமும் வீட்டுக்கு ஓடுகிறேன் என்று முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஓடத்தான் செய்கிறேன். காலையில் பக்கத்து வீட்டு ஜெசிந்தா அக்கா தையலை எடுத்துக்கொண்டு வந்து வாணியோடு உட்கார்ந்திருக்கிறார். மதியம் நான். குளியலறைத் தாழ்ப்பாளை எப்போது மாட்டுவீர்கள் என்று வாணி கேட்டாள். கடையில் சரக்கு வரவில்லை என்றேன். கடையில் தாழ்ப்பாள் பெட்டி பெட்டியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 27, புதன்

வாணி சாப்பிடவில்லை. வில்லைப் பற்றியும் கேட்கவில்லை. ஜூன் மாதமும் இப்படித்தான் ஆரம்பித்தது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இரண்டாவது வில்லைக் கொல்லையில் இழுத்துப் பார்த்தேன். முதல் முறை இழுக்கும்போது முகத்துக்குக் காப்பு வேண்டுமென்று மேடம் சொல்லியிருந்ததால் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டேன். மழைக்கோட்டு, கையில் சமையலறைத் துணி. ஜெசிந்தா அக்கா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, நிலாவுக்கா கெளம்பிட்டீங்க?" என்றார். வாணி ஜன்னலில் நின்று சிரித்தாள். அவள் சிரிக்கிறாள் என்று நான் இன்னும் கொஞ்சம் கோமாளித்தனம் பண்ணினேன்.

கால்வாசி இழுக்கும்போது ஒன்றுமில்லை. பாதியில் முனகியது. கேட்காத மாதிரி இன்னும் இழுத்தேன். பட்டாசு மாதிரி வெடித்தது. மேல் கை இரண்டாகப் பிளந்து, ஒரு சிம்பு ஹெல்மெட் கண்ணாடியில் நேர் கண்ணுக்கு எதிரே குத்தி நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பிப் பார்த்தால் ஜன்னலில் வாணி இல்லை. உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். "இன்னொண்ணு இருக்குது" என்றேன். போர்வையைத் தலைக்கு மேலே இழுத்துக்கொண்டாள். அவள் பயந்தது எனக்கு ஏதாவது ஆகியிருக்கும் என்றா, வில் போய்விட்டதே என்றா? கேட்க எனக்குத் தைரியமில்லை.

செப்டம்பர் 3, புதன்

மூன்றாவது வில். சாமி கும்பிட்டுவிட்டு ஆரம்பித்தேன். நான் சாமி கும்பிடுகிற ஆள் இல்லை.

பஞ்சை உருட்டி, கையின் இரண்டு ஓரத்திலும் மெல்ல ஓட்டினேன். கண்ணுக்குத் தெரியாத சிம்பு இருந்தால் பஞ்சின் இழை மாட்டும். மாட்டவில்லை. விரலால் தட்டினேன். எல்லா இடத்திலும் ஒரே சத்தம். முறுக்கு இல்லை. வெள்ளை ஃபைபரின் மேலே மயிரிழைக் கோடுகள் சில இருந்தன. படம் எடுத்து அனுப்பினேன். அது மேல்பூச்சு வெடிப்பு, நகத்துக்குத் தட்டுப்படாது, பயமில்லை என்றார் மேடம். பழைய வில்லுக்குப் புது மாதிரி விறைப்பு நாண் ஆகாது, இழுபட்டுக் கொடுக்கிற பழைய மாதிரி நாண்தான் போட வேண்டும் என்று அவரே ஒன்று கொடுத்தனுப்பினார். அவரைப் பற்றி முன்பு எழுதியதையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நாணேற்றி நிழலில் ஒரு நாள் வைத்திருந்தோம். இன்று ஹெல்மெட்டோடு கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். முனகல் இல்லை. முழுக்க இழுத்து, அம்பு பூட்டி, மண்மூட்டையில் விட்டேன். திரும்பத் திரும்ப விட்டேன். வில் சும்மா இருந்தது.

"எல்லாம் சரி சார். ஒண்ணே ஒண்ணு. அம்பு இல்லாம நாணை இழுத்து விடவே கூடாது. அம்பு எடுத்துட்டுப் போக வேண்டிய வேகத்தையெல்லாம் வில்லே வாங்கிக்கும். புது வில்லே தாங்காது."

அங்கேதான் வம்பு. நம் ஆட்களுக்கு வில் கையில் கிடைத்தால் முதலில் செய்வதே அதுதான். நாணை இழுத்து டங்காரம் கேட்க வேண்டும். நேற்று கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் கையை நீட்டினார். துணி தேய்க்கிறவர் நீட்டினார். இரண்டு பேரையும் விரட்டினேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

கோயமுத்தூர் மைதானத்தில் வாணி அந்த வில்லால் எய்தாள். உயரமான முக்காலியில் உட்கார்ந்து, செயற்கைக் காலைத் தரையில் ஊன்றி, நாள் முழுக்க எய்தாள். அம்புகள் எங்கெங்கோ போயின, பிறகு ஒரு பக்கமாகப் போயின, சாயங்காலம் இலக்கின் நடுவில் இருக்கிற மஞ்சளுக்குப் போயின. தேர்வாவாள் போலத்தான் இருக்கிறது என்றார் மேடம்.

திரும்பும் வழியில் வாணி இரண்டு பரோட்டா சாப்பிட்டாள். லாரி மோதிய நாளுக்கு முந்தைய வாணி எதிரே உட்கார்ந்து சால்னா கேட்டாள். பரோட்டா காய்ந்திருக்கிறது என்று கடைக்காரரிடம் சண்டை போட்டேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

குழம்பில் உப்பு அதிகம் என்று என்னைத் திட்டினாள். எத்தனை மாதமாயிற்று!

செப்டம்பர் 18, வியாழன்

மாமனாரும் அத்தையும் உடுமலையிலிருந்து வந்தார்கள். ஆஸ்பத்திரியில் வாணியின் காலைப் பார்த்துவிட்டு வெளியே போன மாமனார், அதற்குப் பிறகு இந்த வீட்டுப் படி ஏறவில்லை. ஜூனிலும் வரவில்லை. கோபமில்லை, அவரால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். இன்று அவர் செருப்பை வாசலில் பார்த்ததும் வாணி முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள்.

புது வண்டிக்குப் பூஜை போடுவதுபோல வில்லுக்குப் போட வேண்டுமென்று அத்தை நின்றார். நாணேற்றியே வைக்க வேண்டுமாம், அப்போதுதான் அது வில்லாம். சந்தனத்தையும் குங்குமத்தையும் தண்ணீரில் குழைத்து, மேல் கையிலும் கீழ்க் கையிலும் பட்டை பட்டையாக இட்டார். எலுமிச்சம்பழம், சாம்பிராணி எல்லாம் ஆயிற்று. தெருவே கூடிவிட்டது.

கற்பூரத்தட்டோடு நான் உள்ளே போய் வருவதற்குள் மாமனார் வில்லைக் கையில் எடுத்திருந்தார். மாட்டுச் சந்தையில் பேர் எடுத்த ஆள், அந்த வயதிலும் கை இரும்பு.

"எம் பொண்ணு திருச்சியில அடிக்கப் போறா. மொதச் சத்தம் இங்க கேக்கட்டும்" என்றார்.

"மாமா, வேண்டாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். காது வரைக்கும் இழுத்து விட்டார்.

சத்தம் வீட்டையே உலுக்கியது. எல்லாரும் கை தட்டினார்கள். மாமனார் வாணியிடம் வந்து, முதல் தடவையாகக் குனிந்து அந்தச் செயற்கைக் காலைத் தொட்டு, "ஏஞ்சாமி, இதுல நல்லா ஊணி நிக்க முடியுதா?" என்று கேட்டார். வாணி அவர் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அத்தையும் அழுதார். ஜெசிந்தா அக்காவும் அழுதார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எவன் சொல்வான்?

செப்டம்பர் 19, வெள்ளி

காலையில் மாமனாரும் அத்தையும் ஊருக்குக் கிளம்பியதும் வில்லை ஈரத் துணியால் துடைத்தேன். சந்தனம் போயிற்று, குங்குமம் போயிற்று. மேல் கையின் ஓரத்தில், மரமும் ஃபைபரும் சேருகிற இடத்தில், கைப்பிடிக்குக் கொஞ்சம் மேலே ஒரு சிவப்புக் கோடு மட்டும் போகவில்லை. விரல் நீளம் இருக்கும். சோப்பு போட்டேன். போகவில்லை. குங்குமத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது.

தண்ணீர் இறங்க வேண்டுமானால் உள்ளே இடம் இருக்க வேண்டும்.

பஞ்சை ஓட்டினேன். ஒரு இழை மாட்டியது. ஒரே ஒரு இழைதான். தட்டினேன். சத்தம் மாறியிருக்கிறதா இல்லையா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. இத்தனை காலம் தட்டிய கைக்குச் சொல்லத் தெரியவில்லை என்றால், மாறவில்லை என்றுதான் அர்த்தம். மேல் பூச்சில் ஊறியிருக்கலாம். குங்குமம் சாயம்தானே.

மேடத்துக்குப் போன் போட எடுத்தேன். அவர் என்ன சொல்வார் என்று தெரியும். வைத்துவிட்டேன்.

இன்னொரு வில்லுக்கு எங்கே போவேன்? தேர்வு நாளை மறுநாள். வாணி திருச்சிக்கு உடுத்திக்கொண்டு போகிற சுடிதாரைத் தேய்த்து மடித்து வைத்திருக்கிறாள். பாட்டுப் பாடிக்கொண்டு தேய்த்தாள்.

மதியம் கடையிலிருந்து பழுப்பு மெழுகுக்குச்சி ஒன்று கொண்டுவந்தேன். பலகையில் ஆணித்துளை தெரியாமல் இருக்கத் தேய்ப்போமே, அது. ஓரம் ஈரம் வாங்காமல் இருக்கட்டும் என்று தேய்த்து, துணியால் மெருகு போட்டேன். பார்க்க நன்றாக இருக்கிறது.

செப்டம்பர் 20, சனி

திருச்சி பஸ். வில்லை வாணி மடியில் வைத்துக்கொண்டாள், என்னிடம் தரவில்லை. தாராபுரம் தாண்டியதும் சொன்னாள், "ஏனுங்க, தேர்வானா டில்லிக்குக் கூட்டிட்டுப் போவாங்களாமா. குளிருமுங்களா?"

"ஸ்வெட்டர் வாங்கிக்கலாம்."

"உங்களுக்குமா?"

"எனக்கும் ஒண்ணு."

தூங்கிவிட்டாள். நான் அந்த மெழுகு போட்ட இடத்தையே கரூர் வரைக்கும் பார்த்துக்கொண்டு வந்தேன். நாளைக்கு அங்கே வில்லையெல்லாம் சோதித்துத்தான் உள்ளே விடுவார்கள். கோளாறு இருந்தால் அவர்கள் கண்டுபிடிக்கட்டும். அதற்குத்தானே இருக்கிறார்கள்.

செப்டம்பர் 21, ஞாயிறு

கண்டுபிடிக்கவில்லை. சோதித்தவர் வில்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், வளைத்துப் பார்த்தார், ஓரத்தை விரலால் தடவினார். என் மெழுகின் மேல்தான் தடவினார். "பழசா இருந்தாலும் தங்கமா வச்சிருக்கீங்க சார்" என்று சொல்லி, பச்சை ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. வேலையை நான் அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தேன்.

வாணி எய்யும் கோட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். நான் பின்னால், பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளி, கயிற்றுக்கு இந்தப் பக்கம். எய்கிறவர்கள் கோட்டில் நிற்கும்போது கயிற்றைத் தாண்டக் கூடாது, தாண்டினால் வெளியே அனுப்பிவிடுவோம் என்று மைக்கில் சொன்னார்கள். விசில் அடித்தது. முதல் அம்பு நன்றாகப் போயிற்று. எனக்கும் மூச்சு வந்தது. பார்த்தாயா, ஒன்றுமில்லை, எல்லாம் உன் மனப்பிராந்தி என்று சொல்லிக்கொண்டேன்.

இரண்டாவது அம்பைப் பூட்டி இழுத்தாள். நாண் மூக்கைத் தொட்டு, மோவாயில் வந்து பதிந்தது. மேல் கையும் அவள் முகமும் எனக்கு ஒரே பார்வையில் தெரிந்தன. முகத்தில் ஒரு கவலையும் இல்லை. அவ்வளவு நம்பிக்கையோடு அவள் அந்தக் குப்பையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் கொடுத்தது என்பதால்.

கயிற்றைத் தாண்டி ஓடினேன்.

"வாணி, விட்றாத! மெல்ல எறக்கு! எறக்கும்மா!"

எல்லாப் பக்கமும் விசில். அவள் திடுக்கிட்டாலும் விடவில்லை. பழகிய கை, மெல்ல இறக்கினாள். என்னை இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். அந்த வில்லில் எய்யக் கூடாது என்று கத்தினேன்; மாற்று வில் இல்லாததால் அவளையும் எழுப்பி அனுப்பிவிட்டார்கள். மைதானமே எங்களைப் பார்த்தது.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு சிமெண்டுப் பெஞ்சு. அங்கே உட்கார்ந்ததும், "ஏனுங்க இப்படிப் பண்ணுனீங்க?" என்றாள்.

நகத்தால் மெழுகைச் சுரண்டிக் காட்டினேன். சிவப்புக் கோடு தெரிந்தது. அன்றைக்கு இருந்ததைவிட நீளமாகியிருந்தது. வில்லை முகத்துக்குத் தள்ளிப் பிடித்துக் கொஞ்சமாக வளைத்தேன். கறுக்கென்று ஒரு சத்தம். ஈரத்தில் கிடந்த சன்மைக்கா மாதிரி ஃபைபர் மரத்தை விட்டுத் தூக்கிக்கொண்டது. உள்ளேயெல்லாம் குங்குமம்.

வாணி அதையே பார்த்தாள்.

"எப்பத் தெரியும்?"

"வெள்ளிக்கெழம."

"மெழுகு பூசுனது?"

"நான்தான்."

"ஏன் எங்கிட்டச் சொல்லுல?"

"சொன்னா நீ வந்திருக்க மாட்ட. மறுபடியும் அந்தக் கட்டில்ல போய்ச் சுவத்தப் பாத்துப் படுத்துக்குவ."

"படுத்தா?"

"செத்துப் போயிருவ, வாணி. ஜூன் மாசம் மாதிரி பண்ணிருவ. இந்தத் தடவ எனக்கு வெளிய இருந்து கதவ ஒடைக்க நேரம் கெடைக்காது."

சொல்லிவிட்டேன். இந்த வீட்டில் நானும் அவளும் ஜெசிந்தா அக்காவும் இத்தனை நாள் தொடாமல் சுற்றிச் சுற்றி வந்த பேச்சை, திருச்சியில் ஒரு கொட்டகைக்குப் பின்னால் சொல்லிவிட்டேன்.

வாணி சாதாரணமாகத்தான் கேட்டாள். "நான் சாகக் கூடாதுன்னு, மூஞ்சியில வெடிக்கிறதக் கையில குடுத்தீங்களா?"

பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அவள் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. செய்ய வேண்டுமென்று நானும் எதிர்பார்க்கவில்லை.

அழுது முடிந்ததும், "போனக் குடுங்க" என்றாள். மாமனாரைக் கூப்பிட்டாள். வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அந்த மனுஷன் இப்போதுதான் வீட்டுப் படி ஏறியிருக்கிறார். அவள் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

"அப்பா, நான் எய்யுலீங்கப்பா. வில்லு போயிருச்சு... இல்ல, அடியெல்லாம் படுல... நீங்க அன்னைக்கு அம்பில்லாம இழுத்து உட்டீங்கல்ல, அதுலதான்."

மாமனாரின் அழுகை போனை மீறி எனக்கே கேட்டது. வாணி போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்ணிலும் தண்ணீர்தான், ஆனால் குரலில் குழம்பில் உப்பு அதிகம் என்று திட்டிய அந்த எரிச்சல் இருந்தது.

"அழுவாதீங்க. அழுவாதீங்கன்னு சொல்றனில்ல. அடுத்த தடவ அம்பு வச்சு இழுங்க."

அடுத்த தடவை என்றுதான் சொன்னாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.